மருந்தை மட்டும் கேட்காதீர்கள், சோற்றையும் கேளுங்கள்

பவானி, அந்தியூர், கோபி வட்டாரத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்க ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. வருடா வருடம் சமூகப் பணி படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் பயிற்சிக்கு வருவார்கள். அக்கறையான பிள்ளைகள். ஆனால் இங்கிலீஷ் மருந்தோடு சித்த வைத்தியமும் யோகாவும் கோயிலும் சேர்கிற இடத்தில், நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, யாரையும் கட்டி வைக்கக் கூடாது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்தது. இது தெரியாமல் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

"வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்டுவிட்டு நகர்வது

ஜமுக்காளம் நெய்கிற ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். இருமுனைக் கோளாறு, அதாவது மனம் ஒரேயடியாகப் பொங்குவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வருகிற நோய். ஏழு வருடமாக அதற்கான லித்தியம் மாத்திரை சாப்பிட்டு, ஒழுங்காகத் தறிக்குப் போய், ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து நன்றாக இருந்தார். ஒரு சித்திரை மாதம் வந்து உட்கார்ந்தவர், "கை நடுங்குதுங்க, நாடா எறிஞ்சா தடம் மாறிப் போயிருதுங்க" என்றார். கையிலிருந்த டீ வேட்டியில் சிந்தியிருந்தது.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாண்ணா?"

"இல்லீங்க."

தாளில் "இல்லை" என்று எழுதினேன். இரண்டாவது மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, பதற்றம்தான் என்று நானாகவே முடிவு கட்டி, நாடிசுத்தி மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். என் எதிரில் கண்ணை மூடி, நடுங்குகிற விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு இழுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஐந்தாம் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. பேச்சு குழறியது. நடை தள்ளாடியதைப் பார்த்துக் குடித்திருக்கிறார் என்றே தெருவில் நினைத்தார்களாம். கோவைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் லித்தியம் 2.6. சாதாரணமாக அது 0.6க்கும் 1.0க்கும் நடுவில் இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினாலே ஆபத்து.

அவருடைய மனைவி சொன்ன பிறகுதான் விவரம் தெரிந்தது. காலில் செதில் செதிலாக உதிர்ந்த காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) ஒரு சித்த வைத்தியரிடம் போயிருக்கிறார்கள். மேலே பூச வெட்பாலைத் தைலம், முதல் நாள் பேதிக்கு, அப்புறம் ஒரு மண்டலம் உப்பில்லாப் பத்தியம். "இதை ஏங்க்கா முன்னமே சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க சாப்பிடற மருந்தத்தானுங்க கேட்டீங்க, சோத்தக் கேக்கலீங்களே அம்மணி" என்றார். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. பூசுகிற தைலம் சாப்பிடுகிற மருந்தல்ல. பத்தியம் மருந்தே அல்ல. நான் கேட்டதற்குச் சரியான பதில்தான் வந்தது.

விஷயம் இதுதான். சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்பு குறைந்தால், இருக்கிற உப்பைக் காப்பாற்றச் சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும்; கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் அது ஏறிக்கொண்டு போகும். பேதியும் வெயிலில் வேர்ப்பதும் அதை இன்னும் ஏற்றும். மூட்டுவலிக்கு வாங்கிப் போடுகிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் அப்படித்தான். அந்த வைத்தியர் மேல் எனக்குக் கோபமில்லை. லித்தியம் சாப்பிடுகிறார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லி அனுப்ப வேண்டியவள் நான்.

உயிர் பிழைத்தார். ஆனால் கை பழையபடி வரவில்லை. இப்போது தறியில் உட்காருவதில்லை, தார்க் குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறார்.

போன வாரம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நிரப்பிய தாளில் "மாற்று மருத்துவம்: இல்லை" என்று இருந்தது. பையனுக்கு இருபத்திரண்டு வயது, லித்தியம் சாப்பிடுகிறான். கழுத்தில் மாலை. பழனிக்கு வேண்டுதல், ஒரு வேளைச் சாப்பாடு, அதிலும் உப்பில்லை. மாலை எதிரிலேயே தெரிகிறது, தாளில் "இல்லை". எனக்கு வந்த ஆத்திரம் அந்தப் பெண் மேல் அல்ல, அந்தக் கேள்வி மேல். அன்றே ரத்தம் எடுக்க அனுப்பினோம். பழனிக்கும் போகலாம், மாலையையும் கழற்ற வேண்டாம், சோற்றில் உப்பு மட்டும் எப்போதும் போல இருக்கட்டும் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். உடனே சம்மதித்தார்கள்.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான்: இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எதையாவது விட்டிருக்கிறீர்களா, உப்பு, புளி, ஒரு வேளைச் சோறு? விரதமா, மாலையா? விளக்கெண்ணெய் குடித்தீர்களா? உடம்பில் என்ன பூசுகிறீர்கள்? கேட்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. பயந்துபோய் உப்பை அள்ளிப் போடச் சொல்லாதீர்கள். உப்பு கூடினால் லித்தியம் வெளியேறி நோய் திரும்பும். கை நடுக்கம் பெரிதாகி, வாந்தியும் குழறலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு அங்கே வேலையில்லை.

"மூலிகைதானே, ஒன்றும் செய்யாது"

செய்யும். சர்ப்பகந்தி வேரை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்ததைப் பற்றி இரண்டு வங்காள மருத்துவர்கள் 1931இலேயே எழுதினார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின் என்ற மருந்து 1950களில் வெளிநாட்டு மனநல மருத்துவமனைகளிலும் புழங்கியது. ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடிய சரக்கு அது. அமுக்கராப் பொடியும் தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். வேலை செய்கிற எதுவும் இன்னொன்றோடு மோதவும் செய்யும்.

பூ கேட்டவர்களிடம் சண்டைக்குப் போவது

நம் பக்கம் சாமியிடம் பூ கேட்காமல், அதாவது பூப் போட்டு உத்தரவு கேட்காமல், பல குடும்பங்கள் ஒரு காரியமும் தொடங்காது. "மாத்திரை வேண்டாம்னு பூ வந்துருச்சுங்க" என்று ஒரு குடும்பம் வந்தபோது, மூடநம்பிக்கை என்று நான் பொரிந்து தள்ளினேன். எழுந்து போய்விட்டார்கள். பிறகு என் மூத்தவர் ஒருவர் அவர்கள் வீட்டுக்கே போய், எந்தக் கிழமையில் ஆரம்பிக்கலாம் என்று சாமியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்று வந்தது. வெள்ளிக்கிழமை ஆரம்பித்தார்கள்.

கோயிலுக்கு ஒரு பலன் இருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பார்த்த ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. தனிச் சடங்கு எதுவும் இல்லை. விரட்டாத, அதட்டாத ஓர் இடமும், கூடவே தங்கிய சொந்தமும்தான் இருந்தன. ஆகவே அனுப்புங்கள், மாத்திரை டப்பாவோடு அனுப்புங்கள்.

தூங்காதவரைத் தியானத்தில் உட்கார வைப்பது

வேண்டாம். மூன்று ராத்திரி தூங்காமல், காதில் குரல் கேட்கிறது என்பவருக்கு முதலில் தூக்கம்.

நோயாளிக்குத் தெரியாமல் மோரில் கலந்து கொடுப்பது

மாத்திரையோ பொடியோ, தெரிந்த அன்று முதல் அவர் வீட்டுச் சோற்றையே தொடமாட்டார்.

இரண்டு வைத்தியரும் பேசிக்கொள்ளாமல் விடுவது

சித்த மருத்துவமனையும் அந்த 2017 சட்டத்தின்படி மனநல நிலையமாக இருக்கலாம். அவர்களை வெளியாளாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத்தாள் போதும். சாப்பிடுகிற மாத்திரை, அளவு, கடைசி ரத்தப் பரிசோதனைத் தேதி, நம் போன் நம்பர். அதை நோயாளியின் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். இப்படி ஒரு தாளைப் பார்த்துத்தான் அந்தியூரில் ஒரு சித்த மருத்துவர் எனக்கு முதல் தடவை போன் செய்தார். லித்தியம் என்றால் என்ன என்று கால் மணி நேரம் கேட்டுக்கொண்டார். இப்போது எங்கள் ஆட்களுக்குப் பத்தியம் எழுதும்போது உப்பில் கை வைப்பதில்லை. கத்தரிக்காயும் கருவாடும் மட்டும்தான் நிறுத்தச் சொல்கிறார்.