ஐம்பதுக்கு மேல் மறுபடியும் குதிரை: டெல்டாவில் எங்கிருந்து தொடங்குவது?

23 வயதில் அப்பாவின் மட்டக்குதிரையை விற்ற நாளோடு என் சவாரி நின்றுபோனது. 58 வயதில்தான் மறுபடி சேணத்தில் உட்கார்ந்தேன். கடிவாளம் பிடிக்கிற பழக்கம் கையில் அப்படியே இருந்தது. ஆனால் இடுப்பும் முட்டியும் வேறு ஆளுடையவை போல இருந்தன. பழைய நினைப்பில் குதிரை வாங்காதீர்கள், இன்றைய உடம்புக்கு வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

முதலில் உடம்பு

டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் ஏறவே கூடாது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, இந்த இரண்டையும் தினமும் பழகுங்கள்.

குதிரை வாங்குவது

நீங்களும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான் 72 கிலோ, சேணம் 8 கிலோ. அப்படியென்றால் எனக்கு 400 கிலோ குதிரை வேண்டும். வண்டியில் பூட்டுகிற மட்டக்குதிரை அவ்வளவு இருக்காது. சந்தேகம் இருந்தால், ஏற்றி வரும் வண்டியை நெல் லாரி நிறுக்கிற எடைமேடையில் ஒருமுறை குதிரையோடும் ஒருமுறை குதிரை இல்லாமலும் நிறுத்திப் பாருங்கள்.

வயது 10 முதல் 15க்குள் இருக்கட்டும். சாதுவான பெண் குதிரையோ காயடித்த ஆணோ போதும். மூன்று வயதுக் குட்டியின் துள்ளலில் மயங்காதீர்கள்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், ஆனால் முதல் தடவை பணம் கொண்டு போகாதீர்கள். வியாபாரிகள் சுழியைத்தான் முதலில் காட்டுவார்கள். சுழி பார்ப்பது உங்கள் விருப்பம். நான் காலைத்தான் முதலில் பார்ப்பேன். கெட்டித் தரையில் ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். முன்னங்கால் ஒன்று தரையில் படும்போதெல்லாம் தலை மேலே தூக்கினால் வலி அந்தக் காலில்தான். நான்கு குளம்பையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விலை பேசுவதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

லாயமும் தீனியும்

12 அடிக்கு 12 அடி இடம், தண்ணீர் தேங்காத மேடு, நல்ல காற்று. இதற்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டாம்.

தீனியில்தான் நம் ஊரில் தப்பு நடக்கிறது. வைக்கோல் மாட்டுக்குச் சரி, குதிரைக்கு அது மட்டும் போதாது. மாட்டுக்காக வளர்க்கிற கோ-4 மாதிரி நேப்பியர் புல்லையே தினமும் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாது, எலும்பு கெடும். வரப்பில் தானாக வளரும் அருகம்புல்லை அறுத்துப் போடுங்கள், நன்றாகச் சாப்பிடும். எதை மாற்றினாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். குதிரைக்கு வாந்தி வராது, ஒத்துக்கொள்ளாத தீனியை அதனால் வெளியேற்ற முடியாது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் பறித்து உருண்டாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு வாரம் ஏறவே வேண்டாம்

கையில் பிடித்து நடத்துங்கள், தேய்த்துவிடுங்கள். தினமும் குளம்பைத் தூக்கி, நடுவிலுள்ள முக்கோணச் சதையின் இரு பக்கப் பள்ளத்திலும் ஒட்டிய சேற்றை வழித்தெடுங்கள். அங்கே கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால் ஈரத்தால் வந்த புண். களிமண் பூமியில் இது சீக்கிரம் வரும். என் செவலை முதல் வாரம் காலைத் தரவே இல்லை. ஒன்பதாம் நாள் நான் குனிந்ததும் அதுவே பாரத்தை மறுபக்கம் மாற்றிக்கொண்டு காலைத் தளர்த்தியது. அன்றைக்குத்தான் சேணத்தை வெளியே எடுத்தேன்.

ஏறுவது

வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுக்கிவிட்டுப் பத்தடி நடத்தி மறுபடி இறுக்க வேண்டும். அதை நான் மறந்த அன்று சேணம் பக்கவாட்டில் சுழன்று, தோள்பட்டை மூன்று வாரம் வலித்தது. தரையிலிருந்து தொங்கி ஏறாதீர்கள், குதிரையின் முதுகுக்கும் உங்கள் முட்டிக்கும் கெடுதி. வீட்டுத் திண்ணையோ மதகுச் சுவரோ போதும். குதிரையேற்ற ஹெல்மெட்டும் குதிகால் வைத்த ஷூவும் கட்டாயம். செருப்பு என்றால் கால் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் கால் வைக்கிற வளையத்துக்குள், நழுவி மாட்டிக்கொள்ளும்.

கரைப் பாதை

முதல் மாதம் இருபது நிமிஷம், வெறும் நடை. தை, மாசியில் வெண்ணாறு, குடமுருட்டிக் கரைகள் காய்ந்து, தரை கெட்டியாகவும் இல்லாமல் வழுக்காமலும் இருக்கும். சம்பா அறுத்த வயல் காலியாகத் தெரியும், இறங்கிவிடாதீர்கள். அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் அந்தத் தாளுக்கிடையில் முளைத்திருக்கும். சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும், குளம்பு உள்ளே போனால் கால் முறியும். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்த பிறகு குதிரை மதகுச் சத்தத்துக்கு மிரளலாம். அந்த இடத்தில் இறங்கி, கையில் பிடித்துக் கூட்டிப் போய் நின்று கேட்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழவழவென்று ஆகிவிடும். அந்த இரண்டு மாதமும் நான் தார் ரோட்டோரம் கையில் பிடித்து நடத்துவதோடு சரி.

திரும்பும்போது கடைசிப் பத்து நிமிஷம் இறங்கி, பட்டையை ஒரு துளை தளர்த்தி, கூடவே நடந்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர், அப்புறம் குளம்பு, அதன் பிறகு உங்கள் காபி.