ஓட்டப்பந்தயத்துக்கு முன் வரும் பதற்றம்: மாணவிகளைப் பழக்கும் முறை

"பயப்படாதே" என்று சொல்லி எந்தப் பிள்ளைக்கும் பயம் போனதில்லை. முகத்திலேயே தெரிகிறதோ என்ற கவலைதான் கூடும். 100, 200 மீட்டர் ஓடும் 12 முதல் 17 வயது மாணவிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் செய்ய வேண்டியவை இவை.

1. எந்தப் பதற்றம் என்று பிரியுங்கள்

கை சில்லிடுவது, வயிறு கலக்குவது, அடிக்கடி கழிப்பறைக்குப் போவது உடல் பதற்றம். ஓடத் தொடங்கியதும் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். "தோற்றால் என்ன சொல்வார்களோ" என்பது மனக்கவலை. அது சில நாள் முன்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். விளையாட்டு உளவியலாளர் ரெயினர் மார்ட்டென்ஸும் சகாக்களும் 1990-ல் வெளியிட்ட 27 வினாக்கள் இவ்விரண்டையும் தன்னம்பிக்கையையும் தனித்தனியே அளக்கின்றன. மைதானத்தில் மூன்றே கேள்வி போதும்: உடம்பு, மனசு, நம்பிக்கை எப்படி? 1 முதல் 4 வரை மதிப்பெண். சாதாரணப் பயிற்சி நாளிலும் கேட்டுக் குறித்து வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

2. உடலுக்கு மூச்சு

4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 எண்ணி மெதுவாக விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு, மொத்தம் 3 நிமிடம். இரண்டு வாரமாவது தினமும் பழகட்டும். போட்டியன்று புதிதாகச் சொல்லிக் கொடுத்தால் வேகவேகமாக இழுத்துத் தலை சுற்றும். கால் ரூமுக்கு (call room, ஓட்டத்துக்கு முன் வீராங்கனைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் அறை) போகும் முன் நிறுத்திவிடுங்கள். குறுந்தூர ஓட்டத்துக்குக் கொஞ்சம் துடிப்பு வேண்டும், அதிகம் தளர்ந்தால் ஸ்டார்ட் மந்தமாகும். பிறகு 40 மீட்டர் ஸ்டிரைட்ஸ் (முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, கால் நீட்டி ஓடுவது) இரண்டு ஓடினால் சரியாகிவிடும்.

3. மனதுக்கு ஒரே சொல்

"ஜெயிக்கணும்" வேண்டாம். ஸ்டார்ட்டிங் பிளாக்கில் (ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் கட்டை) செய்ய வேண்டிய செயலைச் சொல்லும் ஒரு சொல் போதும்: "தள்ளு". 2010 முதல் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கே (ஒலி கேட்கும் முன் கிளம்புவது) வெளியேற்றம் என்பதால், முந்த நினைக்கும் பிள்ளைதான் முதலில் மாட்டும். பயிற்சியில் "செட்" சொன்ன பிறகு கிளம்பும் ஒலிக்குக் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

4. உடையும் மாதவிடாயும்

பயிற்சியாளர்கள், குறிப்பாக ஆண்கள், தாண்டிப்போகும் இடம் இதுதான். கறை பட்டுவிடுமோ என்ற பயம் மூச்சுப் பயிற்சியால் தீராது. வெள்ளை உடைக்குப் பேர்போன விம்பிள்டனே 2023-ல் பெண்களுக்கு அடர்நிற உள் ஷார்ட்ஸை அனுமதித்தது. நீங்களும் அடர்நிற ஷார்ட்ஸ் கொடுங்கள், பொதுப் பையில் நாப்கின் வையுங்கள், போட்டி உடையை முன்கூட்டியே இரண்டு முறையாவது போட்டு ஓடவிடுங்கள். சொல்லக் கூசும் பிள்ளைகளுக்கு டீச்சர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

5. கடைசி அரைமணி

போன் வேண்டாம். பெற்றோர் கேலரியிலேயே இருக்கட்டும். ஓட்டம் முடிந்ததும் நேரத்தைக் கேட்காமல், ஸ்டார்ட் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வாந்தி, பல நாள் தூக்கமின்மை, சாப்பாட்டைக் குறைப்பது, 3 மாதமாக மாதவிடாய் வராதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.