கணைய வாலும் மண்ணீரலும் எடுத்த பிறகு: நான் செய்த தவறுகளை நீங்களாவது செய்யாதீர்கள்

போன மாதம் ஒருவர் போன் செய்தார். கணையத்தின் வால்பகுதியையும் மண்ணீரலையும் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. "அண்ணே, நேத்து சாயந்திரம் லேசா காய்ச்சல். மாத்திரை போட்டதும் விட்டுடுச்சு, இப்ப மறுபடி அடிக்குது" என்றார். அதே அறுவை செய்துகொண்ட நான், எனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகள். "முதல்ல வண்டியில ஏறுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

கனம் தூக்காதீர்கள், காயத்தைச் சுத்தமாக வையுங்கள் என்பதையெல்லாம் வார்டிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டுத் தூங்குவது

எனக்கு இது ஐந்தாவது மாதத்தில் நடந்தது. சாயந்திரம் குளிர்ந்தது, தெர்மாமீட்டர் 101 காட்டியது. பாரசிட்டமால் போட்டேன், ஒரு மணி நேரத்தில் 99. "பார், இறங்கிடுச்சு" என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டிவிட்டுப் படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பல் கிட்டித்துக்கொண்டு நடுக்கம். விடியும்போது கழிவறைக்கு எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

எமர்ஜென்சியில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொன்னேன். நாற்காலியைக் காட்டினார்கள், உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மனைவி பேச்சுவாக்கில் "இவருக்கு மண்ணீரல் கிடையாது" என்றாள். நர்ஸின் முகம் மாறியது. உடனே ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஆறு நாள் ஐ.சி.யூ.

ரத்தத்தில் நுழையும் கிருமிகளை வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரலின் வேலை. முக்கியமாக நிமோகாக்கஸ் போல மேலே உறை போர்த்திய பாக்டீரியாக்களை. அது இல்லாதவனுக்குச் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது சில மணி நேரத்திலேயே ரத்தம் முழுவதும் பரவி ரத்த அழுத்தத்தைக் கவிழ்த்துவிடலாம். பாரசிட்டமால் தெர்மாமீட்டரில் உள்ள எண்ணைத்தான் இறக்கும், கிருமியை அல்ல.

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதை நினைத்துத்தான்: இதற்கென்றே டிஸ்சார்ஜின்போது எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை, பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. "சும்மா சும்மா ஆன்டிபயாடிக் சாப்பிடக் கூடாது" என்ற நல்ல புத்தி அன்றைக்குப் பார்த்துத்தான் எனக்கு வேலை செய்தது!

100.4 டிகிரியோ, காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கமோ, எதுவானாலும் கையில் கொடுத்திருக்கும் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். போட்டாச்சே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வாசலில் சொல்லும் முதல் வாக்கியம் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பதாக இருக்கட்டும். வாய் திறக்க முடியாத நாளுக்காக அதை ஓர் அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். முதல் சில வருடங்களில் ஆபத்து அதிகம். ஆனால் ஆயுள் முழுக்க அது முற்றிலும் போவதில்லை.

தடுப்பூசி "எல்லாம் போட்டாச்சு" என்பது

எதை, எந்தத் தேதியில்? நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி) என்ற மூன்று பாக்டீரியாக்களுக்கும் எதிரான ஊசிகள் வேண்டும். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போடுவார்கள். முடியாவிட்டால் பொதுவாக அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்து. சிலவற்றுக்கு பூஸ்டர் உண்டு, ஃப்ளூ ஊசி வருடா வருடம். எல்லா வகைக் கிருமியையும் ஊசி தடுக்காது என்பதால் மேலே சொன்ன காய்ச்சல் விதி அப்படியேதான்.

டிரெயின் குழாயில் (வயிற்றில் சேரும் திரவத்தை வெளியேற்ற வைக்கும் குழாய்) அளவை மட்டும் பார்ப்பது

நிறத்தையும் பாருங்கள். தெளிவாக வந்தது கலங்கலாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால் வெட்டிய முனையிலிருந்து கணைய நீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அந்தத் திரவத்தில் கணைய நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைமை அளந்தால் தெரிந்துவிடும்.

என்சைம் கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடுவது

மிச்சமிருக்கும் கணையம் செரிமான என்சைமைப் போதுமான அளவு சுரக்காதபோது கொடுப்பது இது, எல்லோருக்கும் தேவைப்படாது. எழுதிக் கொடுத்திருந்தால் முதல் வாயோடு போடுங்கள். நிதானமாகச் சாப்பிடுகிறவர் என்றால் பாதியை நடுவில். என்சைம் போதாமல் மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்து, நாற்றம் தாங்காமல் இருந்ததை நான் வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் கொழுப்பைக் குறைத்துக்கொண்டே போனேன். எடைதான் குறைந்தது.

சர்க்கரை ஒருமுறை நார்மல் வந்ததும் மறந்துவிடுவது

இன்சுலின் சுரக்கும் செல்கள் வாலில்தான் அடர்த்தி. சர்க்கரை நோய் வருடங்கள் கழித்தும் வரலாம்.

நாய்க்கடி, சின்னக் கீறல்தானே

மண்ணீரல் இல்லாதவருக்கு அப்படி இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண் இருந்த இடத்தை நாய் நக்கியிருந்தாலும் அதைச் சொல்லுங்கள்.