மூத்த மகனுக்கே எல்லாமா? பிரிமோஜெனிச்சரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரிமோஜெனிச்சர் எனும் தலைமகன் உரிமையை ‘மூத்த மகனுக்கே சொத்து முழுவதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி சரி. வம்பெல்லாம் மீதிப் பாதியில் இருக்கிறது.

மூத்தவன் இறந்தால் உரிமை தம்பிக்குப் போகும் என்று எழுதிவிடாதீர்கள். இறந்தவனுக்குப் பிள்ளை இருந்தால் தந்தையின் இடத்தில் அந்தப் பிள்ளையே நிற்கும். இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் எட்வர்ட் 1376இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய தந்தை மூன்றாம் எட்வர்டும் மறைந்தபோது முடிசூடியவர் பத்து வயதுப் பேரன் இரண்டாம் ரிச்சர்ட். செல்வாக்கு மிக்க சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. ஆனால் இந்த விதியும் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததில்லை. 1199இல் அண்ணன் மகன் ஆர்தரைத் தள்ளிவிட்டு இங்கிலாந்து அரியணை ஏறினார் வேறொரு ஜான்.

நிலத்தையும் பிற உடைமைகளையும் கலப்பது அடுத்த தவறு. இங்கிலாந்தில் உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம்தான் மூத்த மகனுக்கு. பணமும் பண்டமும் மனைவி மக்களுக்குப் பங்காயின. கென்ட் பகுதியிலோ நிலமே மகன்களுக்குச் சமமாகப் பிரிந்தது. சில ஊர்களில் கடைக்குட்டிக்குப் போனது! மகன் இல்லாத வீட்டில் மகள்கள் நிலத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். அரியணை மட்டும் பிரியாமல் மூத்த மகளுக்கு. நிலத்தில் தலைமகன் உரிமையைப் பெரும்பாலும் ஒழித்தது 1925ஆம் ஆண்டுச் சட்டம்.

ஸ்பெயினின் மயோராஸ்கோவைத் தலைமகன் உரிமை என்றே மொழிபெயர்த்துவிடுவதும் சரியல்ல. குடும்பச் சொத்தை விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி கட்டிவைக்கும் ஏற்பாடு அது. வாரிசு பெரும்பாலும் மூத்த மகன், அவ்வளவுதான். 1505இன் டோரோ சட்டங்கள் அதை நெறிப்படுத்தின. ஜெர்மனியின் ஃபிடைகொமிஸும் அதே இனம். அங்கே மூத்தவனே வாரிசாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

பிராங்க் இனத்தவரின் பழைய சட்டத் தொகுப்பான சாலிக் சட்டத்தையும் இதோடு குழப்புகிறார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பெண்களை அரியணையிலிருந்து விலக்கினார்கள். மூத்தவனுக்கு முன்னுரிமை என்பது வேறு விஷயம். பிராங்க் அரசர் குளோவிஸ் 511இல் இறந்ததும் நாடு நான்கு மகன்களுக்குப் பிரிந்ததே!

இன்றைய அரச குடும்பங்களைப் பற்றி எழுதும்போது சட்டம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று பாருங்கள். சுவீடனில் 1980இல் ஆண் பெண் பாராமல் மூத்த பிள்ளைக்கே அரியணை என்று சட்டம் மாறியதும் கைக்குழந்தை கார்ல் பிலிப் பட்டத்து இளவரசர் நிலையை இழந்தார். அக்கா விக்டோரியா முன்னுக்கு வந்தார். நார்வேயில் 1990இல் இதே மாற்றம் வந்தது. ஆனால் அதற்கு முன் பிறந்தவர்களிடையே ஆண்களுக்கே முன்னுரிமை என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அங்கே அக்கா மார்த்தா லூயிஸ் இருக்க, தம்பி ஹாகோன் பட்டத்து இளவரசரானார்.