எலக்ட்ரிக் கிட்டாருக்கு பெயிண்ட் மாத்தி புது பிக்கார்ட் போடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

முதல்லயே சொல்லிடுறேன், இந்த வேலையில கெட்டுப் போற கிட்டார்ல பெரும்பாலானது கை சரியில்லாம கெடல, வரிசை தப்பிக் கெட்டது. எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசில செய்யணும்னு தெரியாம ஆர்வத்துல உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுடுறாங்க. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிட்டாரை வச்சே சொல்றேன், ஏன்னா நம்மாளுங்க கையில இருக்கிறதுல நிறைய அந்த ஷேப்தான், கம்பியோட அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பும் நாபும் சுவிட்சும் எல்லாமே பிக்கார்ட்ங்கிற அந்த ஒரு பிளாஸ்டிக் தகட்டுலயே தொங்குறதால பிக்கார்ட் மாத்துறதுக்கும் அதுதான் வசதி.

பெரிய தப்பு எதுன்னு கேட்டா, பழைய பெயிண்டை மரம் தெரியுற வரைக்கும் உரிக்கிறதுதான். எதுக்கு உரிக்கணும்? ஃபேக்டரியில அடிச்ச பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோ கல்லு மாதிரி கெட்டியா, சமமா, மரத்தோட துளையெல்லாம் அடைச்சு உக்காந்திருக்கும், அதை விட நல்ல அடித்தளத்தை நாம வீட்ல போட்டுற முடியாது. பிங்க் ஃபிளாய்ட் பேண்டோட கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரோட கருப்பு ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான்) இருக்கே, 2019ல கிறிஸ்டீஸ் ஏலத்துல கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனது, அதுல கருப்பு பெயிண்ட் சன்பர்ஸ்ட் (நடுவுல வெளிரா, ஓரத்துல கருமையா வர்ற பெயிண்ட்) மேலயே அடிச்சதுதான், உரிக்கல. அந்தக் கருப்பு பிக்கார்டும் 1974ல பின்னாடி மாட்டுனதுதான். 60கள்ல ஸ்ட்ராட்டை உருவாக்குன ஃபெண்டர் கம்பெனியே சில சமயம் சன்பர்ஸ்ட் பாடி மேல கஸ்டம் கலர் அடிச்சு வித்திருக்காங்க. அதனால கலர் மாத்தணும்னா 320, 400 நம்பர் வாட்டர் பேப்பரால பளபளப்பு போற அளவுக்கு மட்டும் தேய்ங்க, பெயிண்ட் பேர்ந்து குழியா இருக்கிற இடத்துல கார் பட்டி வச்சு சமமாக்குங்க, அது மேல பிரைமர். அவ்ளோதான். மரத்தோட ரேகை தெரியணும்னு ஆசைப்பட்டா மட்டும்தான் உரிக்கணும், அப்பவும் ஒரு விஷயம், விலை கம்மியான கிட்டார்ல கெட்டி பெயிண்டுக்கு அடியில நாலஞ்சு துண்டு பாஸ்வுட்டோ பாப்லரோ ஒட்டி வச்சிருப்பாங்க, உரிச்சதுக்கு அப்புறம்தான் அழகில்லாத மரம்னு தெரியும்.

சரி உரிச்சே ஆகணும்னு நின்னா, அது என்ன பெயிண்ட்னு முதல்ல பாருங்க. பிக்கார்டுக்கு அடியில மறைவான இடத்துல பஞ்சுல கொஞ்சம் தின்னர் தொட்டு வைங்க. பிசுபிசுன்னு இளகினா நைட்ரோ, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், ஒண்ணுமே ஆகலைனா பெரும்பாலும் பாலி, மேல சொன்ன பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோதான். பாலிக்கு பெயிண்ட் ரிமூவர் தடவிட்டு உக்காந்திருக்கிறது வீண், ஹீட் கன்னாலதான் இளகும், அதையும் ஒரே இடத்துல பிடிக்காம நகர்த்திக்கிட்டே இருக்கணும், இல்லைனா மரம் கருகும், ஒட்டின ஜாயின்ட் விட்டுக்கும். நைட்ரோ பக்கம் மட்டும் ஹீட் கன்னைக் கொண்டு போயிடாதீங்க, அது சட்டுனு தீப்பிடிக்கிற சரக்கு. பழைய காலத்து செல்லுலாய்ட் பிக்கார்டும் அதே ரகம்தான், தீன்னா பறந்துடும். அப்புறம் உண்மையிலேயே 50, 60கள்ல வந்த ஒரிஜினல் கிட்டார் யாராவது தாத்தா வீட்ல இருந்து உங்க கைக்கு வந்தா, எவ்ளோ அசிங்கமா உரிஞ்சு போயிருந்தாலும் தொடாதீங்க, புது பெயிண்ட் அடிச்ச அன்னைக்கே விலையில பாதி போயிடும்.

இப்ப வரிசைக்கு வரேன். பெயிண்ட் முடிச்சுட்டு பிக்கார்ட் பண்ணிக்கலாம்னு நினைக்கிறாங்க பாருங்க, அது தலைகீழ். பிக்கார்டை முதல்ல வெட்டி, பாடில வச்சுப் பொருத்திப் பார்த்து, ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் போட்டு முடிச்சுட்டு, எல்லாத்தையும் கழட்டிட்டு அப்புறம் பெயிண்டுக்குப் போங்க. புது பெயிண்ட் மேல டிரில் வச்சா ஓட்டையைச் சுத்தி சில்லு சில்லா பேர்ந்துடும், ஒரு தடவை டிரில் சறுக்கினா உங்க ஒரு மாச உழைப்பு மேல ஒரு கோடு. அதே சறுக்கல் பழைய பெயிண்ட்ல விழுந்தா யாருக்கு என்ன.

கடையில வாங்குற ரெடிமேட் பிக்கார்ட் எல்லா ஸ்ட்ராட்டுக்கும் பொருந்தும்னு நம்பறதும் தப்புதான். 1954ல ஸ்ட்ராட் வந்தப்ப ஒரே அடுக்கு பிளாஸ்டிக், 8 ஸ்க்ரூ. 59 வாக்குல பல அடுக்கு வந்து 11 ஸ்க்ரூ ஆச்சு. இப்ப வர்ற விலை கம்மியான கிட்டார்கள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் ஓட்டை இடம் கொஞ்சம் தள்ளி, நெக் பக்கத்து வளைவு வேற மாதிரின்னு ஏதாவது மாறியிருக்கும். நாப் ஓட்டையும் அப்படித்தான், நாபுக்கு அடியில இருக்கிற பொட்டன்ஷியோமீட்டர் (சுருக்கமா பாட்) அமெரிக்க சைஸா இருந்தா 3/8 இன்ச், அதாவது 9.5 மில்லி வேணும், சின்ன மெட்ரிக் சைஸா இருந்தா 7, 8 மில்லி போதும், பெரிய ஓட்டையில சின்னதைப் போட்டா ஆடிக்கிட்டே இருக்கும். அதனால உங்க கிட்டாரோட பழைய பிக்கார்டுதான் உங்களுக்கு டெம்ப்ளேட். அது ரொம்பப் பழைய செல்லுலாய்டா இருந்தா மட்டும் சுருங்கியிருக்கும், அப்படியே வரைஞ்சா தப்பு வரும்.

இன்டர்நெட்ல இருந்து பிக்கார்ட் டிராயிங் இறக்கி பிரின்ட் போடுறவங்க ஒரு விஷயத்துல வரிசையா விழுவாங்க. பிரின்டர் செட்டிங்ல பேப்பருக்குத் தகுந்த மாதிரி சுருக்குறது ஆன்ல இருக்கும், 100 சதவீதத்துல வராது. மூணு சதவீதம் சுருங்கினா 28 சென்டிமீட்டர்ல 8 மில்லி போச்சு, வெட்டுனதுக்கு அப்புறம்தான் தெரியும். டிராயிங்ல 10 சென்டிமீட்டர் கோடு ஒண்ணு போட்டு, பிரின்ட் எடுத்ததும் ஸ்கேல் வச்சு அளந்துடுங்க, அட்டையில ஒண்ணு வெட்டி கிட்டார் மேல வச்சும் பாருங்க.

அடுத்து மெட்டீரியல். சாதாரணமா கிட்டார்ல இருக்கிறது 2.3 மில்லி மாதிரி வர்ற மூணு அடுக்கு பி.வி.சி. நம்மூர்ல அது சுலபமா கிடைக்காது, அக்ரிலிக் போர்டு பண்ற கடைக்குப் போனா 3 மில்லி ஷீட் கிடைக்கும், லேசர்ல வெட்டியும் குடுத்துடுவாங்க. நல்ல வழிதான், ஆனா ரெண்டு மூணு சிக்கல் இருக்கு. 22 ஃபிரெட் நெக்கா இருந்தா ஃபிங்கர்போர்டோட நுனி பிக்கார்ட் மேல நீட்டிக்கிட்டு இருக்கும், 3 மில்லி ஷீட் அதுக்கு அடியில நுழையாமப் போகலாம், வெட்டக் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த இடைவெளியை அளங்க. லேசர்ல வெட்டுன அக்ரிலிக் ஓரத்துல உள்ளுக்குள்ள ஒரு இறுக்கம் இருக்கும், அதுல ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டா மயிரிழை மாதிரி விரிசல் ஓடும், சோப்புத் தண்ணில துடைச்சாப் போதும். முக்கியமா, பி.வி.சி ஷீட்டைக் கொண்டு போய் லேசர்ல வெட்டச் சொல்லாதீங்க. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்கும் கேடு, கடைக்காரர் மெஷினையும் அரிச்சுடும், விவரம் தெரிஞ்சவர் தொடவே மாட்டார், தெரியாதவர்கிட்ட பிளாஸ்டிக்னு மட்டும் சொல்லி நீட்டிடாதீங்க.

பி.வி.சி.னா ரூட்டர்தான். பழைய பிக்கார்டை டபுள் சைடு டேப்ல ஷீட் மேல ஒட்டி, முதல்ல சின்ன ரம்பத்தால வெளிய ரெண்டு மில்லி விட்டு வெட்டிடுங்க, மிச்சத்தை மட்டும் பேரிங் வச்ச பிட் தேய்க்கட்டும். மொத்தத்தையும் ரூட்டர்ல எடுக்கப் பார்த்தா பிளாஸ்டிக் சூட்டுல உருகி வெட்டுன இடத்துலயே திரும்ப ஒட்டிக்கும். ஓரத்துல 45 டிகிரி சாய்வு எடுத்தாத்தான் நடு அடுக்கு கருப்புக் கோடா தெரிஞ்சு கடையில வாங்குன மாதிரி இருக்கும், இதை சோம்பேறித்தனப்பட்டு விடுறவங்க நிறைய, நானா இருந்தா அரத்தால தேய்ச்சாவது எடுப்பேன். மேல ஒட்டியிருக்கிற பாதுகாப்பு ஃபிலிமை மட்டும் கடைசி வரை உரிக்காதீங்க.

அக்ரிலிக்ல ஓட்டை போடும்போது மரத்துக்கு வச்சிருக்கிற கூர் பிட் கடைசி அரை மில்லில கவ்வி இழுத்து ஷீட்டையே உடைச்சுடும், அடியில மரத்துண்டு வச்சு கிளாம்ப் போட்டு, அழுத்தாம மெதுவா இறக்கணும், ஓட்டையும் ஸ்க்ரூவை விட கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்.

பாடில வச்சுப் பொருத்தும்போது கண்ணளவுல வைக்காதீங்க. நெக்கை மாட்டி, நெக் நுனியில கம்பி உக்கார்ற நட்டோட ரெண்டு ஓர காடியில இருந்து பாடில கம்பி உக்கார்ற பிரிட்ஜ் சேடில் வரைக்கும் நூல் கட்டி இழுத்துப் பாருங்க, பிக்கப்போட ஓரக் காந்தங்கள் நூலுக்கு நேரா வரணும். பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் இடைவெளியே பழைய டைப்ல 56 மில்லி, புது டைப்ல 52 மில்லி சொச்சம், அதனால பிக்கப் வேற மாடலா இருந்தா கச்சிதமா வராமலும் போகலாம், ரெண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளியிருந்தாச் சரி. நாப் இடத்தை உங்க இஷ்டத்துக்கு மாத்துறவங்க அடியில மரத்துல குழி இருக்கான்னு பார்த்துக்குங்க, பிக்கார்ட்ல அகலமான ஹம்பக்கர் பிக்கப்புக்கு அழகா ஓட்டை வெட்டிட்டு பாடில ஒல்லியான சிங்கிள் காயில் பிக்கப்புக்கு மட்டும்தான் குழின்னு கடைசில தெரிஞ்சா உளியைத் தேடணும். பழைய ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்துலயே புது ஓட்டை வந்தா, பழசுல பல்குச்சியும் மரப்பசையும் வச்சு அடைச்சு காயவிட்டுத்தான் டிரில் பண்ணணும், இல்லைனா பிட் பழைய ஓட்டைக்கே ஓடிடும்.

பெயிண்ட் வேலையில முதல் தப்பு துடைக்காமத் தேய்க்கிறது. வருஷக்கணக்கா போட்ட பாலிஷ்ல சிலிக்கான் இருக்கும், தேய்க்கும்போது அது கீறலுக்குள்ள இறங்கிடும், அப்புறம் எத்தனை கோட் அடிச்சாலும் மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா பெயிண்ட் விலகி நிக்கும். முதல்ல நல்லா துடைங்க, அப்புறம் தேய்ங்க, திரும்பத் துடைங்க, அதுக்கப்புறம் வெறும் கையால தொடாதீங்க. தலையில எண்ணெய் வச்சுட்டு அதே கையால பாடியைத் தூக்குறதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

பெயிண்ட் வாங்குறதுக்கு கார் பெயிண்ட் கடைக்கே போகலாம், இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. ஃபெண்டரோட பேர்போன கலரெல்லாம் டூபான்ட் கம்பெனியோட கார் பெயிண்ட்தான், ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டோடது, லேக் பிளாசிட் ப்ளூ கேடிலாக்கோடது. ஆனா ஒரு குடும்பத்துச் சரக்கோட இன்னொண்ணைக் கலக்காதீங்க. கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற எனாமல் மேல லேக்கர் அடிச்சா லேக்கர்ல இருக்கிற தின்னர் எனாமலைச் சுருட்டிடும். பிரைமர், கலர், அது மேல அடிக்கிற நிறமில்லாத கிளியர் மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுமான்னு கடையிலயே கேட்டுட்டு, ஒரு கட்டைல அடிச்சுப் பார்த்துட்டு வாங்க. ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியர் ரொம்ப நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் கட்டிக்கிட்டு மொட்டை மாடியில அடிக்கிற சமாச்சாரம் இல்ல அது. ஸ்ப்ரே பூத் இருக்கிற கார் பட்டறையில குடுத்து அடிச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

லேக்கருக்கு எதிரி ஈரக் காத்து. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு மாட்டிக்கும், பால் ஊத்துன மாதிரி வெள்ளை பூத்துடும். ஐப்பசி கார்த்திகை மழையில சென்னை மாதிரி கடலோர ஊர்ல இதைத் தொடவே தொடாதீங்க, வெயில் காலத்துலயும் காலையில பத்து மணிக்கு மேல ஈரம் இறங்கின பிறகு அடிங்க. உச்சி வெயில்லயும் வேண்டாம், பெயிண்ட் போய் ஒட்டுறதுக்குள்ள காத்துலயே காஞ்சு சொரசொரன்னு விழும். கேனை ஒரு 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு, பாடிக்கு வெளியவே ஆரம்பிச்சு வெளியவே முடிங்க. நெக் உக்கார்ற குழியை டேப் போட்டு மூடிடணும், அங்க பெயிண்ட் ஏறினா நெக் டைட்டாகி உள்ள அழுத்தும்போது ஓரத்துல விரிசல் விழும். அந்தக் குழியைத் தேய்க்கவும் கூடாது, கொஞ்சம் சாஞ்சாலும் நெக் கோணமே மாறிடும்.

அப்புறம் பொறுமை. தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், நைட்ரோவா இருந்தா மூணு நாலு வாரம் தொங்கவிட்டே ஆகணும், மோந்து பாருங்க, தின்னர் வாடை அடிச்சா இன்னும் ஆகல. அவசரப்பட்டு தேய்ச்சு பளபளன்னு பண்ணிட்டா அடுத்த மாசமே உள்ள இறங்கி மரத்தோட கோடெல்லாம் திரும்பத் தெரியும். பிக்கார்டையும் சீக்கிரமா மாட்டினா பிளாஸ்டிக் அந்த இளம் பெயிண்ட்ல அச்சுப் பதிஞ்சு ஒட்டிக்கும்.

1000, 1500, 2000னு வாட்டர் பேப்பர் போடும்போது ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள தண்ணி போச்சுன்னா மரம் ஊதி, ஓட்டையைச் சுத்தி பெயிண்ட் எழும்பிடும், ஓட்டைல எல்லாம் கொஞ்சம் மெழுகு தடவி அடைச்சுட்டு தண்ணியைக் குறைச்சலா வச்சுத் தேய்ங்க. ஓரங்கள்ல கோட் மெல்லிசா இருக்கும், ரெண்டு இழுப்பு அதிகமானா கலர் போய் அடி தெரியும்.

மாட்டும்போது, ஸ்க்ரூ ஓட்டை வாய்ல இருக்கிற பெயிண்டை கவுன்டர்சிங்க் பிட்டைக் கையாலயே திருப்பி லேசா எடுத்துட்டு மாட்டுங்க, இல்லைனா ஸ்க்ரூ மரை பெயிண்டைத் தூக்கிடும். புது பிக்கார்டுக்குப் பின்னாடி பழசுல இருந்த மாதிரியே ஃபாயில் ஒட்ட மறந்துட்டு, அப்புறம் ஆம்ப்ல ஒரே இரைச்சல்னு புலம்புறாங்க. ஃபாயில் ஒட்டறவங்கள்ல பாதிப் பேருக்கு சுவிட்சோட சிக்னல் கால் அதுல உரசி சத்தமே வராது, அந்த இடத்துல இன்சுலேஷன் டேப் போடணும். டிரெமோலோ ஸ்பிரிங் மாட்டியிருக்கிற கொக்கில இருந்து வர்ற எர்த் ஒயர் பெயிண்ட் வேலை நடுவுல கழண்டு காணாமப் போயிருக்கும், மல்டிமீட்டரை பிரிட்ஜ்லயும் ஜாக்கோட வெளிப் பகுதியிலயும் வச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட ஜீரோ ஓம் காட்டணும். இதையும் பார்த்துட்டு, ஆம்ப்ல சொருகி ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால லேசா தட்டி, சுவிட்ச் அஞ்சு நிலையிலயும் சத்தம் வருதான்னு கேட்டுட்டு அப்புறம் அந்த 11 ஸ்க்ரூவையும் இறுக்குங்க.