'செட்' என்கிற சொல்லிடம் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு 'செட்' என்ற சொல்லைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் பம்ப் செட்டு, ஓட்டலில் பூரி ஒரு செட்டு, நோம்பிக்கு மேளம் அடிக்கிற ஜமாப் செட்டு, சம்பந்தம் பேசப் போன இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்றால் "செட் ஆகலீங்க". இவ்வளவு புழங்கியும், சரக்கு வாங்குகிற பையர் அனுப்பிய மெயிலிலோ ஆடிட்டர் நீட்டிய தாளிலோ அதே சொல் வந்தால் திணறுகிறோம். நம்ம செட்டும் இங்கிலீஷ்காரர்களின் செட்டும் பாதி வழி வரைக்கும்தான் சேர்ந்து வருகின்றன, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன.

அர்த்தங்களை மனப்பாடம் செய்யலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மற்ற எல்லாச் சொற்களையும்விட நீளமான பதிவு இதற்குத்தான். வினைச்சொல்லுக்கு மட்டும் சுமார் 430 பொருள், அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள். பிறகு வந்த திருத்தத்தில் 'ரன்' முந்திக்கொண்டது, அது வேறு கதை.

மனப்பாடத்துக்குப் பதிலாக வேரைப் பிடியுங்கள். ஒரே எழுத்தில் இரண்டு குடும்பம் ஒளிந்திருக்கிறது. ஒன்று பழைய இங்கிலீஷ் வினை, உட்காருவதைக் குறிக்கும் 'சிட்'டுக்குச் சொந்தம். உட்கார வை, ஓரிடத்தில் வை, நிலைநிறுத்து என்று பொருள். இன்னொன்று லத்தீனில் கிளம்பிப் பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல், கூட்டம், தொகுதி. எங்கே பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது 'வைக்கிற' செட்டா, 'சேர்ந்திருக்கிற' செட்டா என்பதுதான். வாலிபாலில் இரண்டும் ஒரே மைதானத்தில் வரும்: 25 பாயின்ட் வரை ஆடும் ஒரு சுற்று தொகுதி வகை, அடிக்கிறவனுக்கு வாகாகப் பந்தை மேலே வைத்துக்கொடுக்கிற செட்டர் வைக்கிற வகை.

அதற்கும் முன்னால் நம்ம ஊர்க் குழப்பம் ஒன்றை அப்புறப்படுத்திவிடலாம். சோமனூர்ப் பக்கம் தறி செட்டு, நாமக்கல்லில் கோழி செட்டு, எல்லா ஊரிலும் மாட்டு செட்டு என்கிறோமே, அது இந்தச் சொல்லே கிடையாது. அது 'ஷெட்', கொட்டகை. வாய்க்கு 'ஷ' வராமல் செட்டாகிவிட்டது. பேச்சில் பரவாயில்லை, பேங்க் லோனுக்கு இங்கிலீஷில் எழுதும்போது எழுத்தைப் பார்த்து எழுதுங்கள், கொட்டகைக்குக் கேட்ட கடன் பம்ப் செட்டுக்குக் கேட்டதாகப் போய்விடக் கூடாது.

வைக்கிற குடும்பத்தில் நாள் குறிப்பது, விலை வைப்பது, அலாரம் வைப்பது எல்லாம் அடக்கம். ஓரிடத்தில் வைத்தது அசையாமல் இறுகுமல்லவா, அதனால் இறுகுவதும் உறைவதும்கூட இதே சொல்தான். தயிர் உறைந்தால் 'செட்'. பால் திரிந்துபோனால் அது 'கர்டில்', இரண்டையும் மாற்றிச் சொல்லாதீர்கள். "கான்கிரீட் செட் ஆயிடுச்சு" என்று கொத்தனார் சொல்வது சுத்தமான இங்கிலீஷ். ஆனால் செட் ஆவது வேறு, பலம் ஏறுவது வேறு. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் தண்ணீர் பட்டதிலிருந்து 30 நிமிடத்துக்குள் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. பலத்துக்கு 28 நாள் கணக்கு. செட் ஆகிவிட்டது என்று மறுநாளே பாரம் ஏற்றினால் அதற்கு இங்கிலீஷ் பொறுப்பில்லை.

திருப்பூர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆர்டரில் 1,000 செட் என்று வந்தால் அது 1,000 பீஸ் ஆகாது. குழந்தைகளின் பைஜாமா செட் என்றால் மேலே ஒன்று கீழே ஒன்று, மொத்தம் 2,000 பீஸ். விலை பீஸுக்கா செட்டுக்கா என்று எழுத்தில் வாங்காமல் நூல் போடாதீர்கள். 'சைஸ் செட்' என்றால் எல்லா அளவிலும் தைத்துக்காட்டும் சாம்பிள். 'செட்-இன் ஸ்லீவ்' என்பதில் வருவது தொகுதி கிடையாது, தோளில் தனியாக வைத்துத் தைத்த கை. கழுத்துவரை சாய்வாக ஏறினால் அது ராக்லன். இழுபடுகிற லைக்ரா துணியை ஸ்டென்டர் என்கிற சூடேற்றும் மெஷினில் 'ஹீட் செட்' செய்வதும் வைக்கிற குடும்பம்தான், சூட்டில் அளவை நிலைநிறுத்துவது.

அடுத்தது வால் சொற்கள். செட்டுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல்தான் முழு அர்த்தத்தையும் தூக்கிக்கொண்டு போகும், அதனால் செட்டைவிட்டு வாலைப் பாருங்கள். 'செட் ஆஃப்' என்றால் ஊருக்குக் கிளம்புவது, பட்டாசைக் கொளுத்துவது, கணக்கில் ஒன்றுக்கு ஒன்றைக் கழிப்பது. ஜிஎஸ்டியில் பேசுவது கடைசி வகை: சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) கிரெடிட்டை எஸ்ஜிஎஸ்டியோடு (மாநில அரசின் பங்கு) செட் ஆஃப் பண்ண முடியாது என்று ஆடிட்டர் சொன்னால் அதில் கழிக்க முடியாது என்று அர்த்தம். 'செட் பேக்' பிளான் அப்ரூவலில் கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலியிடம், மற்ற இடங்களில் பின்னடைவு. 'செட் இன்' கொஞ்ச நாளைக்குப் போகாது என்கிற மாதிரி வந்து குந்துவதற்கு: பருவமழை, குளிர், காயத்தில் சீழ்.

எனக்கு இதில் ரொம்ப ஆபத்தாகத் தெரிவது 'செட் அசைட்'. பணத்தைச் செட் அசைட் பண்ணினால் எடுத்து ஒதுக்கிவைப்பது, பத்திரமாக இருக்கும். கோர்ட் ஒரு தீர்ப்பைச் செட் அசைட் பண்ணினால் அந்தத் தீர்ப்பு ரத்து, செல்லாது. தள்ளிவைத்திருக்கிறார்கள், பிறகு சொல்வார்கள் என்று படித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள், அப்படிச் சொல்வதற்கு 'ரிசர்வ்' என்று தனிச்சொல் உண்டு.

சரி, நம்ம ஊர்ச் சரக்கில் எதை ஏற்றுமதி செய்யக் கூடாது? "அந்த வேலை எனக்குச் செட் ஆகல" என்பதை அப்படியே இங்கிலீஷில் போட்டால் எதுவும் விளங்காது, 'சூட்' என்ற சொல் அங்கே பொருந்தும். "பையன் பெங்களூர்ல செட் ஆயிட்டான்" என்றால் 'செட்டில்டு'. "எங்க காலேஜ் செட்டு" என்றால் 'கிளாஸ்'. 'ஆல் செட்' என்று அவர்கள் கேட்டால் எல்லாம் தயாரா என்று கேட்கிறார்கள், எல்லாம் பொருந்தியதா என்று இல்லை. 'செட்டப்' விஷயத்தில் நேர் எதிர்: நம்மிடம் அந்தச் சொல்லுக்கு ஒரு ரகசியக் குடித்தன வாடை இருப்பதால் பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூசுவார்கள், இங்கிலீஷில் கம்பெனி தொடங்குவது, மெஷினைப் பொருத்துவது என்று அது பரம சாது. ஆனால் 'ஒருவரைச் செட்டப் பண்ணினார்கள்' என்றால் அங்கேயும் வில்லங்கம்தான், பொய்யாக மாட்டிவிட்டார்கள் என்று பொருள்.

இலக்கணம் சுலபம். நேற்று வைத்தாலும் இன்று வைத்தாலும் செட் செட்தான், 'செட்டட்' என்று ஒன்று கிடையாது, 'ரீசெட்டட்'டும் கிடையாது. 'செட்டிங்' எழுதும்போது மட்டும் 'டி' இரண்டு. 'அதை' என்று சொல்ல வரும் 'இட்' நடுவில் உட்கார வேண்டும்: 'செட் இட் அப்' சரி, 'செட் அப் இட்' தப்பு. 'மெஷின்' மாதிரி முழுப் பெயர் வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்.