உலக செஸ் சாம்பியன்ஷிப்புக்கு விதி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாவட்டப் போட்டியில் மதியச் சாப்பாட்டு இடைவேளை. புதிதாக ஆர்பிட்டர் (போட்டி நடுவர்) ஆகியிருக்கும் மூன்று தம்பிகள் ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் உலக சாம்பியன்ஷிப்புக்குப் புது விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். "டிரா கணக்கில் வராது. முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவரே சாம்பியன்." இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் எழுதினேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல்.

கடிகார நேரத்தைக் குறிக்க மறப்பது, முதல் ஆட்டத்தில் வெள்ளை யாருக்கு என்று சொல்லாமல் விடுவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எடுக்கப் போவதில்லை. யாராவது ஒருவர் கேள்வி கேட்பார், திருத்திக்கொள்வீர்கள்.

முடிவு தேதி இல்லாத போட்டி

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பில் இரண்டு பேர் முதலிடத்தில் சமமாக நின்றார்கள். ஒருவர் வங்கி ஊழியர், இன்னொருவன் கல்லூரி மாணவன். மூன்று வெற்றி எடுப்பவருக்குக் கோப்பை, டிராவுக்கு மதிப்பில்லை என்று நான்தான் வீராப்பாக அறிவித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குப் பிடித்திருந்தோம். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு வங்கிக்காரர் 2-1 என்று முன்னிலை. டிரா மட்டும் ஆறு. மறுநாள் காலை அங்கே ஒரு வளைகாப்பு. கீழே சமையல்காரர்கள் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெருங்காய வாசனை மாடிக்கு வர, ஆட்டத்தை நிறுத்தினேன். அடுத்த மாதம் 0-0 என்று புதிதாகத் தொடங்கலாம் என்றேன். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தானே சார்" என்றார் வங்கிக்காரர். கடைசி ஆட்டத்தை ஜெயித்திருந்த பையனுக்கும் கோபம். வங்கிக்காரர் இன்று வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதே கூத்து மாஸ்கோவில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1984 செப்டம்பரில் உலக சாம்பியன் கார்ப்போவும் அவருக்குச் சவால் விட்ட காஸ்பரோவும் உட்கார்ந்தார்கள். ஆறு வெற்றி வேண்டும், ஆட்டங்களுக்கு வரம்பில்லை. ஒன்பது ஆட்டத்தில் கார்ப்போவ் 4-0. அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்து வரிசையாக 17 டிரா. 27-ஆவது ஆட்டத்தில் 5-0. இன்னும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று வரவே இல்லை. 32-ஆவது ஆட்டத்தை காஸ்பரோவ் ஜெயித்தார். மறுபடி 14 டிரா. அங்கேயும் மண்டபப் பிரச்சினை வந்து, தூண் மண்டபத்திலிருந்து ஸ்போர்ட் ஹோட்டலுக்கு மாறினார்கள். 47, 48 இரண்டையும் காஸ்பரோவ் எடுத்தார். ஸ்கோர் 5-3. 1985 பிப்ரவரி 15 அன்று உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் தலைவர் கம்போமனஸ் போட்டியை நிறுத்தினார். ஐந்து மாதம், 48 ஆட்டம், 40 டிரா, முடிவு கிடையாது. இரண்டு பேருமே தொடர்ந்து ஆடத் தயார் என்றார்கள்.

டிராவுக்கு மதிப்பில்லை என்றால் டிரா குறையும் என்று கணக்குப் போடுகிறோம் இல்லையா, அங்கேதான் சறுக்கல். 24 ஆட்டம் என்று வரம்பு இருந்தால், பின்தங்கியவருக்கு ஒவ்வொரு டிராவும் கையிலிருந்து நழுவும் ஒரு வாய்ப்பு. அவர் பாய்ந்தே ஆக வேண்டும். வரம்பில்லாத போட்டியில் டிரா அவருக்கு இலவச ஓய்வு. 0-4 என்று கிடந்த காஸ்பரோவ் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முன்னிலையில் இருப்பவருக்கும் அவசரமில்லை, எதிராளி தவறு செய்யும் வரை காத்திருக்கலாம். ஆக, இரண்டு பேருக்குமே டிரா லாபம்.

அதே 1985-இல் 24 ஆட்டம் என்று வரம்பு வைத்து, வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி என்று மறுபடி ஆடினார்கள். கடைசி ஆட்டத்தை ஜெயித்தால்தான் பட்டம் தங்கும் என்ற நிலையில் கார்ப்போவ் வெள்ளையில் மோதினார். கறுப்பில் ஆடிய காஸ்பரோவ் அதை ஜெயித்து, 13-11 என்று 22 வயதில் சாம்பியன் ஆனார். அந்த விறுவிறுப்பு வரம்பு கொடுத்தது.

இத்தனைக்குப் பிறகும் "டிராவை ஒழிக்க ஒரே வழி" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பெருங்காய வாசனை வந்துவிடும்.

சமமானால் பட்டம் பழையவருக்கே

1951, 1954, 1987 உலக சாம்பியன்ஷிப் மூன்றிலும் 12-12, மூன்றிலும் இருந்தவரே சாம்பியன். அப்போதைய சாம்பியன் ஃபிஷர் 1975-இல் இன்னும் மேலே போனார்: பத்து வெற்றி வேண்டும், 9-9 ஆனால் பட்டம் தனக்கே என்றார். அப்படியென்றால் எதிராளி குறைந்தது 10-8 எடுக்க வேண்டும். ஃபிடே மறுத்தது, அவர் ஆடவில்லை, கார்ப்போவ் காயைத் தொடாமலே சாம்பியன்.

ரவுலட்

1983, ஆஸ்திரியாவின் வெல்டன். சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தேர்ந்தெடுக்கும் சுற்றில் ஸ்மிஸ்லோவ், ஹ்யூப்னர் சமமாக முடிக்க, சூதாட்டச் சக்கரத்தைச் சுற்றி ஸ்மிஸ்லோவை அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். வேண்டாம்.

ஒருவரை உட்கார வைத்து மற்றவரை ஓட விடுவது

1997 கடைசியில் குரோனிங்கனில் ஒரு நாக்அவுட் முழுக்க ஆடி ஜெயித்துவிட்டு, சில நாளிலேயே லொசானில் கார்ப்போவ் எதிரே உட்கார்ந்தார் ஆனந்த். கார்ப்போவுக்கு நேரடியாக இறுதிப் போட்டி. அந்தக் களைப்பிலும் ஆனந்த் 3-3 என்று சமன் செய்தார், பிறகு ரேபிட்டில் (குறைந்த நேர ஆட்டத்தில்) 0-2 என்று தோற்றார். நாக்அவுட்டை உலகக் கோப்பைக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டத்துக்கு வைப்பதென்றால் எல்லோரும் முதல் சுற்றிலிருந்து வர வேண்டும்.

ரேபிட்டைக் கடைசியில் வைப்பது

இது இன்றைய தவறு: நீண்ட ஆட்டங்கள் சமமாக முடிந்தால் ரேபிட்டில் முடிவு செய்கிறார்கள். 2016 நியூயார்க்கில் ஸ்கோர் சமமாக இருந்தபோது, கடைசி ஆட்டத்தை சாம்பியன் கார்ல்சன் வெள்ளையில் 30 நகர்த்தலில், முக்கால் மணி நேரம்கூட ஆகாமல், டிரா செய்தார். 2018 லண்டனில் 12 ஆட்டமும் டிரா. கடைசி ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்துகொண்டே அவர் டிரா கேட்டார். குற்றம் சொல்ல மாட்டேன். ரேபிட்டில் தன் கை ஓங்கும் என்று அவருக்குத் தெரியும், இரண்டு முறையும் அப்படியே நடந்தது.

2024 சிங்கப்பூரில் 6.5-6.5 என்று கடைசியான 14-ஆவது ஆட்டம் தொடங்கியபோது சாம்பியன் டிங் லிரெனும் ரேபிட்டை நோக்கியே போனதாகத் தெரிந்தது. குகேஷ் விடவில்லை. அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா போலத் தெரிந்த நிலை. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைக்க, யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு, சிப்பாய் ஆட்டத்தில் கதை முடிந்தது.

ரேபிட்டை முதலிலேயே ஆடிவிடலாம் என்பது என் கட்சி. அதில் ஜெயித்தவருக்கு, 14 ஆட்டம் 7-7 என்று முடிந்தால் பட்டம். மற்றவருக்குக் கடைசி ஆட்டத்தில் டிரா எடுத்துத் தப்பிக்க இடமே இருக்காது. பழைய சாம்பியன் சலுகை மாதிரிதானே என்றால், இதை அவர் பலகையில் சம்பாதித்திருக்கிறார்.

தம்பிகளின் தாளில் 'ஆறு வெற்றி'யை அடித்துவிட்டு இதை எழுதிக் கொடுத்தேன்.

"ரேபிட்டும் சமமானால் சார்?"

"அன்றைக்கே பிளிட்ஸ், அதாவது இன்னும் வேகமான ஆட்டம். யாராவது ஜெயிக்கும் வரைக்கும்."

"அப்போ அதுவும் முடிவு தேதி இல்லாத போட்டிதானே?"

"மூன்று நிமிட ஆட்டம் தம்பி. அண்டாவை இறக்குவதற்குள் முடிந்துவிடும்" என்றேன். என்ன அண்டா என்று அவனுக்குப் புரியவில்லை.